கம்பத்தோடு நின்றுவிட்ட கண்ணாடி இழை

புது வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறிய மறுநாளே கதவிடுக்கில் செருகப்பட்டுவிடுகிற துண்டுப் பிரசுரத்தை நம்பி, அதிலுள்ள எண்ணுக்குப் பேசி, ஆறு மாதச் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிட்டு, ‘நாளைக் காலையில் ஆள் வந்துவிடுவார்’ என்ற வாக்கையும் பெற்றுக்கொண்ட குடும்பஸ்தர், அந்த நாளை வாரக்கணக்கில் நீண்டுவிட, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டு பிள்ளையின் ஆன்லைன் வகுப்பையும் தம்முடைய அலுவலகக் கூட்டத்தையும் ஒப்பேற்றும் நிலைக்கு வந்து சேர்வது இப்போது நம் நகரங்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது. இது ஏன் நேர்கிறது, கேட்க வேண்டியவரைக் கேட்க வழி ஏதும் உண்டா என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பிரயோஜனமாக இருக்கும்.

காத்திருப்பு நம்மவர்களுக்குப் புதிதல்ல. சாதாரணத் தொலைபேசிக்கே விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கூடுதல் முன்பணம் கட்டியவருக்கு முன்னுரிமை தருகிற ‘ஓன் யுவர் டெலிபோன்’ திட்டத்தில் சேர்ந்தும் காத்திருந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் காத்திருப்பில் ஒரு நேர்மை இருந்ததென்றே சொல்ல வேண்டும். பட்டியல் ஒன்று இருந்தது. அதில் விண்ணப்பதாரருக்கு ஓர் எண் இருந்தது. தட்டுப்பாடு உண்டு என்பதை இலாகாவே ஒப்புக்கொண்டிருந்தது. இன்றோ தட்டுப்பாடு என்ற வார்த்தையை யாரும் உச்சரிப்பதே இல்லை. ‘உங்கள் ஏரியாவில் சர்வீஸ் இருக்கிறது சார்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்பதும் அல்ல. அவர்கள் பார்க்கிற வரைபடத்தில் அந்தத் தெரு வர்ணம் பூசியிருக்கிறது, அவ்வளவுதான்.

வரைபடத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள, இந்த இணைப்பின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுவனத்தின் நிலையத்தில் ஓ.எல்.டி. என்னும் சாதனம் இருக்கிறது. அதன் ஒவ்வொரு வாயிலிலிருந்தும் ஒற்றைக் கண்ணாடி இழை புறப்பட்டு, வழியில் ஸ்ப்ளிட்டர் என்கிற சிறு பெட்டிகளில் கிளைபிரிந்து, பொதுவாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் போய்ச் சேருகிறது. பரவலாகக் கையாளப்படும் ஜீபான் முறையில், அந்த ஓர் இழையில் நிலையத்திலிருந்து வீடுகளை நோக்கி நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் வரும். வீடுகளிலிருந்து திரும்பிப் போவது அதில் பாதி. இவையனைத்தையும் அத்தனை வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் ஒளியின் வலிமை பாதியாகக் குறைகிறது. முப்பத்திரண்டாகப் பிரிந்து வரும்போது 15 டெசிபலுக்கு மேல் இழப்பு. வீட்டுக்குள் வைக்கிற பெட்டிக்கு, அதன் மீட்டரில் ஏறக்குறைய மைனஸ் 27 டிபிஎம் என்ற அளவுக்குக் கீழே வெளிச்சம் இறங்கிவிட்டால் கண் தெரியாது. பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருப்பதற்கு அர்த்தம், ஒளி அதனிடம் வந்து சேரவில்லை என்பதே.

ஆகவே ஒரு தெருவில் இழை இருப்பது வேறு, உங்கள் வாசலுக்கு அருகிலுள்ள கம்பத்துப் பெட்டியில் காலியாக ஒரு போர்ட் இருப்பது வேறு. பெட்டி நிறைந்திருந்தால் இன்னொரு ஸ்ப்ளிட்டர் வைக்க வேண்டும். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். அந்த அனுமதி, அந்தத் தெருவிலிருந்து இன்னும் சில விண்ணப்பங்கள் சேரட்டும் என்று காத்திருக்கும். இதற்கு மேல் நம் ஊர்களுக்கே உரிய சங்கடங்கள் வேறு. இழையைப் பெரும்பாலும் மின்வாரியக் கம்பத்திலோ மாடிச் சுவரிலோ கட்டித் தொங்கவிட்டே கொண்டுவருகிறார்கள். வடகிழக்குப் பருவமழை வந்ததும் மரக்கிளை முறிந்து அது அறுந்துபோகும். பூமிக்கடியில் கொண்டுபோகலாமென்றால் சாலையை வெட்ட மாநகராட்சியின் அனுமதி வேண்டும். மழைக்காலத்தில் அதைக் கொடுக்கமாட்டார்கள். அடுக்ககமாக இருந்தால் அசோசியேஷன் செகரட்டரியின் சம்மதம் வேண்டும். அவரோ, வேறொரு நிறுவனத்தோடு முன்பே பேசி முடித்துவைத்திருப்பார்.

இந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட வாடிக்கையாளரிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் விசித்திரம். இதற்கு மனிதர்களின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சந்தாவை விற்றவர் ஒருவர். அவருக்கு வேண்டியது அந்த மாதத்து இலக்கு. இழையை இழுத்து வருகிறவர் இன்னொருவர். அவர் பெரும்பாலும் அந்தப் பகுதிக் கேபிள்காரரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ வேலை செய்கிறவர், பல இடங்களில் முடித்த இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். நாலு மாடி ஏறித் துளையிட வேண்டிய வீட்டை விட்டுவிட்டு, தரைத்தளத்தில் சுலபமாக முடிகிற இரண்டு வீட்டுக்கு அவர் போவதை யார் தவறு என்று சொல்ல முடியும்? தொலைபேசியை எடுக்கிறவர் மூன்றாமவர். அவர் வேறோர் ஊரில் உட்கார்ந்து, திரையில் தெரிகிற வாசகத்தை மரியாதையோடு படிக்கிறார். கம்பத்தில் என்ன நடக்கிறதென்பது அவருக்கும் தெரியாது. அவரைக் கோபிக்கிறவர்கள், கடிதத்தில் எழுதியிருப்பதற்காகத் தபால்காரரைக் கோபித்தவர்கள் ஆகிறார்கள்.

இந்த மூவருக்கும் நடுவில் இருக்கும் ஒரே பாலம் கணினியில் பதிவாகிற புகார். அந்தப் புகாரை முடித்துவிட்டதாகக் காட்டுவதற்கு என்னென்ன யுக்திகள் உண்டோ அத்தனையும் அங்கேதான் கையாளப்படுகின்றன. ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’, ‘கதவு பூட்டியிருந்தது’, ‘வேறு தேதி கேட்டார்’ என்ற மூன்றும் பழைய யுக்திகள். புதியது ஓடிபி. என் பக்கத்து வீட்டில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய வாசலில் நான் நேரே கேட்ட சம்பாஷணை இது. வந்த இளைஞர் டிராப் கேபிளை ஒரு சுருளாகச் சுற்றிப் பால்கனிக் கம்பியில் மாட்டிவிட்டு, “சார், உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லிடுங்க. ஸ்ப்ளைசிங் மிஷின் இன்னொரு சைட்ல மாட்டிக்கிச்சு, சாயந்திரம் வந்து முடிச்சுக் கொடுத்திடறேன்” என்றார். ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “லைன் வந்தப்புறம் சொல்றேன் தம்பி, எங்கேயும் போயிடாது” என்றார். இளைஞருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அந்த ஆறு இலக்கத்தை ஆசிரியர் அப்போதே சொல்லியிருந்தால், நிறுவனத்தின் கணக்கில் அவ்வீட்டுக்கு இணைப்புக் கிடைத்துவிட்டதாகப் பதிவாகி, அன்று முதலே சந்தா ஓட ஆரம்பித்திருக்கும். தாமதம் என்ற புகாருக்கே இடமில்லாமல் போயிருக்கும்.

இளைஞர் சொன்ன மிஷின் விஷயம் பொய்யென்றும் சொல்வதற்கில்லை. கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரான். அதற்குள் ஒளி ஓடுகிற நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். இரண்டு முனைகளையும் நேராக வெட்டி, ஒன்றுக்கொன்று விலகாமல் வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்டுகிற அந்தக் கருவிக்கு விலை அதிகம். ஒப்பந்தக்காரர்கள் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு ஒரு பேட்டை முழுவதையும் சமாளிப்பார்கள். தாமதத்துக்குக் காரணம் இருப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. காரணத்தை மறைத்துத் தேதியைப் பொய்யாக எழுதுவதில்தான் ஆட்சேபம்.

இனிச் சட்டத்தின் பக்கம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், பிராட்பேண்ட் சேவையின் தரத்தைப் பற்றி 2006-ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுத்தது. தொழில்நுட்பரீதியாகச் சாத்தியமான இடங்களில் 15 வேலை நாட்களுக்குள் இணைப்புத் தர வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு தராமற்போனால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம், நிறுவல் கட்டணத்துக்கு மேற்படாமல், முதல் பில்லிலேயே வரவு வைக்க வேண்டும் என்பது அதிலிருந்தது. எத்தனை பேர் அந்தப் பத்து ரூபாயைக் கண்ணால் கண்டார்கள் என்பது வேறு விஷயம். நிறுவல் இலவசம் என்று விளம்பரம் செய்தபோது அந்த உச்சவரம்பே பூஜ்யமாகிவிட்டதே! 2024 அக்டோபர் 1 முதல் அவ்விதிகளின் இடத்தில், கம்பிவழி, கம்பியில்லாச் சேவைகள் எல்லாவற்றுக்குமான புதிய தர விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தற்போதைய தரவரம்புகளை ஒவ்வொரு நிறுவனமும் தன்னுடைய ‘நுகர்வோர் சாசனத்தில்’ வெளியிட வேண்டும் என்பது நியதி. பணம் கட்டுமுன் அதை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

பிரிட்டனில் 2019 ஏப்ரல் 1 முதல் வேறொரு ஏற்பாடு நடந்துவருகிறது. அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பாகிய ஆஃப்காம் வகுத்த திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனங்கள், சொன்ன தேதியில் இணைப்புத் தராவிட்டால் நாளொன்றுக்கு 5 பவுனும், குறித்த நேரத்துக்கு ஆள் வராவிட்டால் 25 பவுனும் கொடுக்க வேண்டுமென்று ஆரம்பத்தில் நிர்ணயித்தார்கள்; தொகை பிற்பாடு உயர்த்தப்பட்டது. அங்கே கவனிக்க வேண்டியது தொகையைவிட, வாடிக்கையாளர் வாய் திறந்து கேட்காமலே அது பில்லில் வரவாகிவிட வேண்டும் என்ற நிபந்தனையே. நம் நாட்டில் தாமதம் நீடிப்பதற்கு, கேட்டால்தான் பரிகாரம் என்ற நடைமுறை ஒரு முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம். நூறு பேரில் கேட்கிறவர் இரண்டு பேர் என்று தெரிந்தால், எந்த நிர்வாகம் தேதியைப் பற்றிக் கவலைப்படும்?

ஆகவே கேட்கத்தான் வேண்டும். கேட்கும் முறையும் உண்டு. 2012-ஆம் ஆண்டின் குறைதீர் விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் கட்டணமில்லாத எண்ணோடு புகார் மையம் வைத்திருக்க வேண்டும்; ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் என்கிற பதிவெண் கொடுத்து, அதைக் குறுஞ்செய்தியிலும் அனுப்ப வேண்டும். அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டு அந்த எண்ணை வாங்காமல் போனை வைத்துவிடுகிறவர், சட்டத்தின் கண்ணில் புகாரே செய்யாதவர். விற்பனைப் பிரதிநிதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பன்னிரண்டு செய்திகளுக்கும் அதே கதிதான். பதிலில் திருப்தியில்லையென்றாலோ, பதிலே வராமல் கெடு கடந்துவிட்டாலோ, 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். நிறுவனத்தின் ஆளே நீதிபதியாவதா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அதற்காகவே டிராயில் பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் இடம்பெறும் ஆலோசனைக் குழுவை விதிகள் ஏற்படுத்தியிருக்கின்றன. நடைமுறையில், புகார் மையத்தில் அசையாத விஷயம், மேல்முறையீடு என்ற தலைப்பில் மின்னஞ்சல் போனதும் அசைவது உண்டு. ஏனெனில் அந்த மேசைக்கு வருகிற கடிதங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். டிராய்க்கே எழுதுகிறவர்கள் ஏமாறுவார்கள். தனிமனிதர் புகாரை அது விசாரிப்பதில்லை, நிறுவனத்துக்கே அனுப்பிவைக்கும்.

கடிதத்தில் ஆவேசம் வேண்டியதில்லை. பணம் கட்டிய தேதி, தொகை, ரசீது எண், வாக்களித்த தேதி, டாக்கெட் எண்கள், ஆள் வருவதாகச் சொல்லி வராத நாட்கள், இவற்றைத் தேதிவாரியாக எழுதி, ‘இன்ன நாளுக்குள் இணைப்புத் தாருங்கள், போர்ட் இல்லையென்றால் அதை எழுத்தில் தெரிவித்து, கட்டிய பணம் முழுவதையும் திருப்பிவிடுங்கள்’ என்று முடித்தால் போதும். ‘போர்ட் இல்லை’ என்பதை எழுத்தில் கேட்கும்போதுதான் பல இடங்களில் திடீரென்று போர்ட் அகப்படுகிறது.

இதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கப்பால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கே நெடுநாளாக ஒரு முட்டுக்கட்டை இருந்தது. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் ஒரு பிரிவு, தந்தி, தொலைபேசிச் சாதனங்களைப் பற்றிய தகராறுகளை மத்தியஸ்தத்துக்கு அனுப்பச் சொல்வதால், நுகர்வோர் மன்றங்களுக்கு அதிகாரமில்லை என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. 2022 பிப்ரவரியில், ஒரு கைபேசிச் சேவை வழக்கில், அந்தத் தடை இல்லை என்று அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, சேவை என்பதன் விளக்கத்திலேயே தொலைத்தொடர்பைச் சேர்த்திருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, குடியிருக்கிற மாவட்டத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள், இணையவழியாகவே மனுப் போடலாம். இணையம் கிடைக்கவில்லை என்ற மனுவை இணையத்தில் போடச் சொல்வதிலுள்ள வேடிக்கையை வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

பலரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டு அடுத்த நிறுவனத்தைத் தேடுவார்கள். அப்படி விலகுகிறவர் மூன்று காரியங்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ரத்துக் கோரிக்கைக்கும் ஒரு டாக்கெட் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். தானியங்கிப் பணம்பிடித்தத்துக்கு வங்கியிலோ யூபிஐ செயலியிலோ சம்மதம் கொடுத்திருந்தால் அதைத் தாமே நீக்க வேண்டும். ரௌட்டரை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தால், அதை வாங்கிப்போக வருகிறவரிடம், பெட்டியின் சீரியல் எண்ணைக் குறித்து, தேதியிட்டுக் கையெழுத்து வாங்காமல் கொடுக்கக் கூடாது. ஒரு நாளும் விளக்கு எரியாத ரௌட்டருக்கு விலை கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்த வீடுகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். இணைப்புக் கொடுக்க வழி தெரியாத ஆபீசுக்கு, அந்த விலாசம் மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது.