பங்குனியில் விடைபெறும் விருந்தினர்

பங்குனி மாதத்து ஞாயிறொன்றில், பறவைகளைக் கணக்கெடுக்கும் தொண்டிற்காக, மாணாக்கர் சிலருடன் வெள்ளவத்தையிலிருந்து பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலத்திற்குச் சென்றோம். 1990ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்ட இடம் அது.

மேனாடுகளில் வசந்தம் பறவைகளை வரவேற்கும் காலம். நமக்கோ வழியனுப்பும் காலம். வட ஆசியாவிலிருந்து வந்து தங்கிய உள்ளான்களும் தகைவிலான்களும் அப்போது திரும்பிச் செல்கின்றன. நீலத் தாழைக்கோழி இங்கேயே குடியிருப்பது. இத்தொண்டிற்குப் பொறுமையும் குறிப்பேடும் போதும். கண்டவற்றை எண்ணி, நாளும் நேரமும் எழுதினோம்.

மழைவெள்ளத்தை ஏந்தித் தாங்குவது சதுப்பு நிலமே. அதனை மண்ணிட்டு நிரப்பினால் வெள்ளம் நம் வீதிகளுக்கே வரும். பறவைத்தொகை குன்றுவது அந்நிலம் நலிவதற்கு ஓர் அறிகுறி. எண்ணி வைத்தாலன்றோ குறைவு தெரியும்?

2018இல் கொழும்பு, ராம்சார் ஈரநில நகரமென அங்கீகாரம் பெற்றது. அப்பெயரைக் காத்தல் நம் இளைஞர் கடன்.