நூறில் தொடங்க வேண்டாம்: வீட்டில் பிலாட்டீஸ் பழகுபவர்களுக்கு

பிலாட்டீஸ் என்றதும் காணொளிகளில் சீக்கிரமே எதிர்ப்படுவது ‘ஹண்ட்ரட்’ என்ற பயிற்சி. மல்லாக்கப் படுத்துத் தலையையும் தோள்களையும் தரையிலிருந்து தூக்க வேண்டும். நீட்டிய கால்களையும் சற்று உயர்த்திக்கொண்டு கைகளை மேலும் கீழுமாகப் படபடவென அசைக்க வேண்டும். ஐந்து எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும் வரை விட்டு, இப்படிப் பத்துச் சுற்று. மொத்தம் 100 அசைவுகள்.

பழக்கமில்லாதவர் இதைச் செய்தால் வயிற்றுக்கு வேலை கிடைக்கும் முன்பே கழுத்து வலிக்கத் தொடங்கிவிடும். ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று அன்றைக்கே பாயைச் சுருட்டி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது வீண் இழப்பு. வேறோர் இடத்தில் தொடங்கியிருந்தால் அவர்களும் தொடர்ந்திருப்பார்கள்.

போர் முகாமிலிருந்து நியூயார்க்குக்கு

இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். ஆஸ்துமாவும் ரிக்கெட்ஸும் வாட்டிய பிள்ளை. உடலைத் தேற்றிக்கொள்ள ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று பலவற்றைப் பழகினார். முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்த அவரை, எதிரி நாட்டவர் என்று ஐல் ஆஃப் மேன் தீவின் நாக்கலோ முகாமில் அடைத்துவைத்தார்கள். தம் பயிற்சிகளை அவர் வளர்த்தெடுத்த காலம் அது.

1926-இல் நியூயார்க் சென்று, துணைவி கிளாராவுடன் எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற நடன மேதைகள் அவரை நாடினார்கள். 1945-இல் வெளிவந்த அவருடைய நூலில் 34 தரைப் பயிற்சிகள் உள்ளன. அறுபது வயதைக் கடந்த பிலாட்டீஸே படங்களில் அவற்றைச் செய்துகாட்டுகிறார். அந்த வரிசையில் முதலாவது ‘ஹண்ட்ரட்’தான்.

ஆனால் அவருடைய கூடத்தில் ஆசிரியர் அருகில் நின்று தோளையும் இடுப்பையும் கையால் திருத்தினார். வீட்டில் தனியாகப் பழகுபவருக்கு அந்தக் கண் கிடையாது. எனவே அவர் இன்னும் எளிய அசைவுகளிலிருந்து தொடங்குவதே சரி.

முதுகுவலிக்கு உதவுமா?

ஓரளவு உதவும். 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, இடுப்பு முதுகுவலி உள்ள 510 பேரிடம் நடந்த 10 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. பெரிதாக எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களைவிடப் பிலாட்டீஸ் செய்தவர்களுக்கு வலி குறைந்ததாகத் தெரிந்தது. மற்ற உடற்பயிற்சிகளைவிட அது மேலானது என்பதற்கோ உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆகவே, ஏற்கெனவே வேறொரு பயிற்சியால் பலன் பெறுபவர் அதை விட்டுவிட்டு இதற்கு மாற வேண்டிய கட்டாயமில்லை. எடை குறைவதற்காக மட்டும் இதை நம்புவதும் ஏமாற்றத்தில் முடியும்.

முதல் பாடம் மூச்சு

தனி உடை, கருவி எதுவும் தேவையில்லை. முதுகெலும்பு தரையில் உறுத்தாத அளவுக்குத் தடித்த விரிப்பு போதும். மெல்லிய யோகா விரிப்பு மட்டும் இருந்தால் அதன்கீழ் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டுக்கொள்ளலாம். மெத்தை வேண்டாம், அது அமுங்குவதால் இடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது பிடிபடாது.

மல்லாக்கப் படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பகலத்துக்கு ஊன்றிக்கொள்ள வேண்டும். கைகள் விலாவின் இருபுறமும் இருக்கட்டும். மூக்கால் இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிந்து உள்ளங்கைகளைத் தள்ள வேண்டும். வாயால் மெல்ல விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசைகளை லேசாக மேலிழுத்து, அடிவயிற்றை உள்வாங்க வேண்டும். முழு பலமும் வேண்டாம், கால் பங்கு போதும். இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உள்ளே விரல்களை வைத்துப் பார்த்தால், ஆழத்தில் ஒரு தசை மெதுவாக இறுகுவது தெரியும். வயிற்றைக் குறுக்காகச் சுற்றி முதுகெலும்புக்குத் தாங்கல் தரும் தசை அது. இதை உணர்வதற்கே சிலருக்கு ஒரு வாரம் ஆகலாம். அந்த ஒரு வாரம் வீணில்லை. பின்னால் வரும் எல்லா அசைவும் இதன்மேல்தான் நிற்கிறது.

நான்கு அசைவுகள்

அடுத்தது பாலம். மூச்சை விட்டபடி முதலில் வால் எலும்பை உயர்த்தி, கோத்த மாலையை ஒரு நுனியிலிருந்து தூக்குவதுபோல, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தரையிலிருந்து எழுப்ப வேண்டும். இறக்கும்போதும் அதே நிதானம். நெஞ்சுப் பக்கத்திலிருந்து தொடங்கி இடுப்பு கடைசியாகத் தரையைத் தொடும். ஐந்தாறு முறை போதும். தொடையின் பின்புறம் பிடித்துக்கொண்டால் குதிகாலைச் சற்று உடலருகே நகர்த்திப் பார்க்கலாம்.

பிறகு, படுத்தபடியே ஒரு காலை மட்டும் முழங்கால் மடங்கிய நிலையில் தூக்கி, விரல்நுனியால் தரையைத் தொட்டு மீட்பது. எளிதாகத் தோன்றும் இந்த அசைவில்தான் ஏமாற்று அதிகம். கால் இறங்கும்போது கீழ்முதுகு வளைந்து எழும்பினாலோ, வயிற்றின் நடுக்கோடு கூம்பிப் புடைத்தாலோ, வயிற்றுத் தசையால் சுமையைத் தாங்க முடியவில்லை என்று பொருள். காலை இறக்கும் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருக்களித்துப் படுத்து, குதிகால்களைச் சேர்த்தபடி மேல் முழங்காலை மட்டும் திறந்து மூடுவது இடுப்பின் பக்கத் தசைகளுக்கு. தவழும் நிலையில் வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, பிறகு பக்கம் மாற்றுவது முதுகுக்கு.

நான்கும் சேர்ந்தால் 15 அல்லது 20 நிமிடம் பிடிக்கும். வாரத்தில் மூன்று நாள் செய்யலாம். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட வேகத்தைக் குறைப்பது கடினம், பலனும் அதில்தான். ஒரு மாதம் கழித்து, முதுகு தரையில் அசையாமல் நின்றால், தலையைத் தரையிலேயே வைத்து, பாதங்களையும் ஊன்றியபடி ‘ஹண்ட்ரட்’ பயிற்சியின் எளிய வடிவத்தை முயலலாம்.

நடைப்பயிற்சியை இதற்காகக் கைவிடக் கூடாது. பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான இயக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. பிலாட்டீஸ் இரண்டாவதற்கு உதவும். முதலாவதற்கு நடையோ சைக்கிளோ வேண்டும்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், முதுகை முன்னால் சுருட்டும் பயிற்சிகளையும் பந்துபோல் உருளும் பயிற்சிகளையும் தவிர்க்க வேண்டும். வலுவிழந்த முள்ளெலும்பு அதில் நசுங்கக்கூடும். கர்ப்பிணிகள் நான்கு மாதத்துக்குப் பின் நெடுநேரம் மல்லாக்கப் படுக்கக் கூடாது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை ஒரு நொடியும் அடக்காமல் செய்ய வேண்டும். கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு, தலை கீழாகும் நிலைகள் உகந்தவையல்ல. பிரசவமோ வயிற்று அறுவைச் சிகிச்சையோ ஆனவர்கள் மருத்துவர் அனுமதித்த பிறகு, முடிந்தால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஓரிரு முறை அசைவுகளைக் காட்டிச் சரிபார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

மறுநாள் தசை இலேசாக வலிப்பது இயல்பு. காலில் இறங்கும் மின்னல் போன்ற வலி இயல்பல்ல. பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலில் வலு குறைந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போனாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.