வேடனும் வளர்ப்பு மிருகமும்

கைப்பேசியில் ஆடும் சுடும் விளையாட்டுக்களை நம் கல்லூரியில் அறியாதவர் இல்லை. ஆனால் கணிப்பொறியில், உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை நாட்டில் நுழைந்து ஆடும் பாத்திர விளையாட்டுக்களில் இறங்கியவர்கள் நம்மிடையே சிலரே. அச்சிலரும் முதல் நாளிலேயே ஒரு கேள்வியில் தடுமாறி நின்றுவிடுகின்றனர். 'எந்தக் கிளாஸ் எடுப்பது?' என்பதே அக்கேள்வி. இங்கே கிளாஸ் என்பது நாம் அமர்ந்து பாடம் கேட்கும் வகுப்பன்று. அந்நாட்டில் நாம் செய்யப்போகும் தொழில். வாள்வீரன், மருத்துவன், மாயாவி, திருடன் எனத் தொழில்கள் பல. அவற்றுள் ஒரு மிருகத்தையோ பூதத்தையோ துணைக்கு வைத்துக்கொண்டு போரிடும் தொழிலைப் பற்றி மட்டும் இங்கே எழுத விரும்புகிறேன்.

இத்தொழிலை நான் தேர்ந்ததற்குக் காரணம் என் ஊர். தொப்பம்பட்டியில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் எனக்குக் கணிப்பொறி முன் அமர நேரம் கிடைக்கும். இணைப்பு ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் நொண்டும். காற்றடித்தால் மின்சாரம் போகும். ஐவர் கூடிச் செல்லும் குகைப் போர் ஒன்றில் நான் மருத்துவனாக இருந்தபோது அப்படித்தான் விளக்கணைந்தது. மறுநாள் நுழைந்தபோதுதான் தெரிந்தது, உடன் வந்த நால்வரும் மாண்டு போயினர் என்று. முகமறியாத நால்வரின் ஒரு மாலைப் பொழுது வீணாயிற்று. பிறர் உயிரைச் சுமக்கும் தொழில் நம் பக்கத்து மின்கம்பிக்கு ஒத்துவராது என்று அன்றே முடிவு செய்தேன். தனித்து ஆடலாம், ஆனால் துணையும் வேண்டும். அந்த இரண்டையும் தருவதுதான் மிருகம் வளர்க்கும் தொழில்.

இது இன்று நேற்று வந்ததன்று. 1997-ல் வெளிவந்த அல்டிமா ஆன்லைனிலேயே மிருகங்களைப் பழக்கும் கலை இருந்தது. அக்கலையில் தேர்ந்தவர்கள் டிராகனையே கூட்டிக்கொண்டு திரிந்தனர். 1999-ல் வந்த எவர்குவெஸ்டில் பூதங்களை ஏவும் தொழில்கள் இருந்தன. பிளிஸார்டு நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் விளையாட்டில்தான் இது முழு வடிவம் பெற்றது என்பது என் கருத்து. அதன் பழைய வடிவத்தையே 2019 ஆகஸ்டில் கிளாசிக் என்ற பெயரில் அந்நிறுவனம் மறுபடியும் திறந்தது. நான் ஆடுவதும் இந்தப் பழைய வடிவம்தான். கீழே சொல்வனவெல்லாம் அதற்கே பொருந்தும். இதற்கு மாதச் சந்தா உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாணவர் பணம், யோசித்து இறங்குவது நல்லது.

அங்கே மொத்தம் ஒன்பது தொழில்கள். அவற்றுள் நிலையான துணையோடு திரிபவர் இருவர். ஒருவன் ஹன்டர், அதாவது வேடன். மற்றவன் வார்லாக், நம் வழக்கில் மந்திரவாதி எனலாம். இருவருக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் தொழிலைத் தேர்வது, பல்லைப் பார்க்காமல் மாடு பிடிப்பது போலாகும்.

மந்திரவாதியின் துணை பூதம். அது வளர்க்கப்படுவதில்லை, வரவழைக்கப்படுகிறது. தொடக்கத்திலேயே இம்ப் என்னும் குட்டிப் பூதம் கிடைக்கும். பத்தாம் நிலையில் அடி தாங்கும் பெரும்பூதம், இருபதில் ஒரு மோகினி, முப்பதில் பகைவரின் மந்திரத்தைத் தின்னும் நாய் போன்ற ஒன்று. அந்தந்த நிலையில் ஒரு வேலையை முடித்தால் அந்தந்தப் பூதம் வந்துவிடும். மந்திரவாதி எந்த நிலையில் இருக்கிறானோ, பூதமும் அதே நிலையில் இருக்கும். தீனி வேண்டா, கோபித்துக்கொண்டு ஓடாது. ஆனால் குட்டிப் பூதம் தவிர மற்றவற்றை அழைக்க ஒவ்வொரு முறையும் ஓர் ஆவித் துண்டு செலவாகும். அத்துண்டுகளைச் சாகும் பகைவரிடமிருந்து பறித்துப் பையில் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் பையில் தனித்தனி இடம் பிடிக்கும்.

வேடன் கதை வேறு. அவனுக்குப் பத்தாம் நிலை வரை துணையே கிடையாது. வில்லும் கோடரியுமாய்த் தனியே அலைய வேண்டும். எட்டு கஜத்துக்குள் பகை வந்துவிட்டால் அம்பு எய்ய முடியாது. ஐந்து கஜத்துக்குள் வந்தால்தான் கோடரி எட்டும். இடைப்பட்ட தூரத்தில் நின்றால் இரண்டும் இல்லை! இந்தப் பத்து நிலைகளில்தான் பலரும் சலித்து விலகுகின்றனர். பத்தாம் நிலை வந்ததும் பயிற்சியாளர் மூன்று காட்டு மிருகங்களைப் பழக்கிக் காட்டச் சொல்வார். நான் எடுத்த குள்ளர் இனத்து வேடனுக்கு அவை பன்றி, பனிச்சிறுத்தை, கரடி ஆகிய மூன்று. இவை பரீட்சைக்கு மட்டும். தேறியபின் பழக்கும் வித்தை நம்முடையது. எதைப் பழக்குவது என்பது நம் விருப்பம்.

பழக்குவது எப்படி? மிருகத்தின் முன் இருபது நொடி அசையாமல் நிற்க வேண்டும். அந்த இருபது நொடியும் அது நம்மைக் கடிக்கும். போதாததற்கு நம் கவசம் அப்போது பயனற்றுப் போகும். நடுவில் அதன் கவனம் சிதறினாலும் பழக்கம் கெட்டது, மறுபடி முதலிலிருந்து. இயன்ற அளவு தொலைவில் நின்று, வேகத்தைக் குறைக்கும் அம்பு ஒன்றை எய்துவிட்டுத் தொடங்கினால், அது நம்மிடம் வந்து சேருவதற்குள் பல நொடிகள் கழிந்துவிடும். நம்மைவிட உயர்ந்த நிலையில் உள்ள மிருகம் வசப்படாது.

இனி, எந்த மிருகம்? இங்கேதான் புதியவர்கள் அழகில் மயங்குகின்றனர். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பவர் உண்டு, பல் பார்ப்பவர் உண்டு, நிறத்துக்காகவே விலை கூட்டுபவரும் உண்டு. பழகிய கையோ முதலில் தன் வீட்டுத் தீவனத்தை எண்ணிப் பார்க்கும். விளையாட்டிலும் அதுவே சரியான வழி என்பேன். பூனை இனம் பத்து விழுக்காடு கூடுதலாக அடிக்கும். ஆனால் அதற்கு இறைச்சியோ மீனோதான் வேண்டும். ஓநாயும் ஆந்தையும் இறைச்சி தவிர எதையும் தொடா. கொரில்லாவுக்குப் பழமும் காளானும். கரடியும் பன்றியும் ரொட்டி, பாலாடை, மீன், பழம், காளான், இறைச்சி என்று எது கிடைத்தாலும் தின்னும். அடியில் அவை ஒன்பது பத்து விழுக்காடு குறைவுதான். ஆனால் கரடிக்கு உயிர்வலு எட்டு விழுக்காடு கூடுதல்; பன்றிக்குத் தோலின் கெட்டி ஒன்பது விழுக்காடு கூடுதல். தனித்து ஆடுபவனின் மிருகம் செய்ய வேண்டிய முதல் வேலை அடி கொடுப்பதன்று, அடி தாங்குவது. ஆகவே நான் பன்றியைப் பிடித்தேன். நண்பர்கள் நகைத்தனர். நகைத்தவர்களுள் ஒருவர் தம் ஆந்தைக்கு இறைச்சி தேடி ஒரு மாலை முழுவதும் மான் வேட்டையாடியதை நான் அறிவேன்.

ப்ரோக்கன் டூத் என்னும் பூனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட்லாண்ட்ஸ் என்னும் பாலை நிலத்தில் அரிதாகத் தோன்றும் இம்மிருகம் 37-ஆம் நிலையது. மற்ற மிருகங்கள் பொதுவாக இரண்டு நொடிக்கு ஓர் அடி அடிக்க, இது நொடிக்கொன்று அடிக்கும். இதற்காகவே வேடர்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தனர். ஆனால் வேகம் கூடக்கூட ஒவ்வோர் அடியும் அதற்கேற்பச் சிறுத்துவிடும். கூட்டிப் பார்த்தால் பெரிய வேறுபாடு வராது. மந்திரம் ஓதும் பகைவனை ஓயாமல் தடுக்கலாம் என்பதே அதன் உண்மையான பயன். மனிதரோடு மனிதர் மோதுவோர்க்கு அது பொன். காட்டில் நிலை ஏறுவோர்க்கு அது வெறும் பெருமை.

பிடித்தாயிற்று. வளர்ப்பதில்தான் சூட்சுமம். புதிதாய்ப் பிடித்த மிருகம் வெறுப்போடு இருக்கும். மகிழ்ச்சி, திருப்தி, வெறுப்பு என அதன் மனநிலை மூன்று. மகிழ்ச்சியில் அதன் அடி நூற்றுக்கு நூற்றிருபத்தைந்து; திருப்தியில் நூறு; வெறுப்பில் எழுபத்தைந்து. ஆக, ஒரு துண்டு ரொட்டிக்கும் பட்டினிக்கும் இடையே ஐம்பது விழுக்காடு! பூனைக்கும் பன்றிக்கும் உள்ள வேறுபாடே இருபது விழுக்காடுதான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பசித்த பூனையைவிட வயிறு நிறைந்த பன்றி நன்றாக அடிக்கும். போர் முடிந்தபின் தீனி போட வேண்டும். மிருகத்தின் நிலைக்கு மிகவும் தாழ்ந்த தீனியை அது ஏற்காது.

மனநிலை தவிர விசுவாசம் என்று ஆறு படிகள் உண்டு. முதற்படியில் முரண்டு பிடிக்கும். ஆறாம் படியில் உற்ற நண்பன். மகிழ்ச்சியாய் நெடுநேரம் உடனிருந்து போரிட்டால் படி ஏறும். பட்டினி போட்டால் இறங்கும். முதற்படியிலும் பட்டினி தொடர்ந்தால் மிருகம் நம்மை விட்டு ஓடியே போகும். விசுவாசத்தால் என்ன பயன் எனில், மிருகத்துக்குக் கற்பிக்கப் புள்ளிகள் கிடைக்கும். கணக்கு எளிது: விசுவாசப் படியில் ஒன்றைக் கழித்து மிருகத்தின் நிலையால் பெருக்க வேண்டும். இருபதாம் நிலையில் ஆறாம் படி எனில் ஐந்து இருபது நூறு. முதற்படி எனில் சுழியம். எவ்வளவு பெரிய மிருகமானாலும் புள்ளி செலவாகும் வித்தை எதையும் கற்காது. உறுமல், தோல் கெட்டிப்படுதல், உயிர்வலு போன்றவற்றைப் பயிற்சியாளர் சொல்லித் தருவார். கடித்தல், கீறுதல் முதலியவற்றை அப்படிக் கற்க முடியாது. அவ்வித்தை தெரிந்த காட்டு மிருகம் ஒன்றைப் பிடித்து, அதனோடு சில போர்கள் செய்து, அதனிடமிருந்து நாம் கற்று, பின் நம் மிருகத்துக்குக் கற்பிக்க வேண்டும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஆசிரியனே முதலில் மாணவனாகிறான்.

இவ்வளவும் எதற்கு என்பது போர்முறையை அறிந்தால் விளங்கும். பகைவன் யார்மேல் பாய்வான்? தனக்கு அதிகத் தொல்லை தந்தவர்மேல். ஒவ்வொருவரும் தரும் தொல்லைக்கு விளையாட்டு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மிருகத்தின் உறுமல் அக்கணக்கை உயர்த்தும். தொலைவில் நிற்கும் வேடனின் தொல்லை மிருகத்தினுடையதைவிட முப்பது விழுக்காடு கூடினால்தான் பகைவன் வேடன் பக்கம் திரும்புவான். ஆகவே மிருகத்தை ஏவிவிட்டு, அது இரண்டு முறை உறுமும் வரை பொறுத்து, பிறகே அம்பு தொடுக்க வேண்டும். அவசரக்காரன் கடி வாங்குவான். உறுமலுக்குப் பத்துப் பத்து நிலைக்கு ஒரு புதிய பாடம் உண்டு. அதைத் தவறவிட்டால் மிருகத்தால் பகைவனைப் பிடித்து வைக்க இயலாது. நம் இணைப்பு இரண்டு மூன்று நொடி நொண்டினாலும் மிருகம் தன் போரை நிறுத்துவதில்லை. எங்கள் ஊரில் இதன் அருமை சொல்லி மாளாது. 2023 ஆகஸ்டில், ஒருமுறை செத்தால் செத்ததுதான் என்ற கடுமையான முறை கிளாசிக்கில் வந்தது. அதிலும் செத்த மிருகத்தை எழுப்பலாம். செத்த வேடனை எழுப்ப முடியாது. பன்றியை முன்னே அனுப்புவதன் பொருள் அங்கே இன்னும் கூடுகிறது.

மிருகம் போரிடப் போரிட அதுவும் நிலை ஏறும். ஆனால் நம் நிலையைத் தாண்டி ஏறாது. நமக்குப் பத்து நிலை கீழே உள்ளதைப் பிடித்தால் அப்பத்தையும் ஏற்றும் பாடு நம்முடையது. பத்தாம் நிலை முதல் நமக்கு நிலைக்கொன்றாய்க் கிடைக்கும் திறமைப் புள்ளிகளை மிருக வித்தைப் பிரிவிலேயே போடுவது தனித்து ஆடுவோர்க்கு ஏற்றது. முப்பதாம் நிலையில் பகைவனை நிலைகுலைய வைக்கும் ஆணையும், நாற்பதில் மிருகத்துக்கு வெறியேற்றும் ஆணையும் கிடைக்கும். வெறி பதினெட்டு நொடி நிற்கும். அந்நேரம் அடி ஒன்றரை மடங்கு.

குறைகளும் உண்டு. பைகளுள் ஒன்றை அம்பறாத்தூணிக்கு ஒதுக்க வேண்டும், அம்பு காசுக்கு, தீனி வேறு இடம் பிடிக்கும். ஐவர் கூடிக் குகைக்குப் போகும்போது உறுமலை நிறுத்திவைக்க வேண்டும். இல்லையேல் அடி தாங்கும் வீரனின் வேலையைப் பன்றி பறித்துக்கொண்டு குழப்பம் விளைவிக்கும். மேட்டிலிருந்து நாம் குதித்தால் மிருகம் சில வேளை குதிக்காது. படி வழியே சுற்றி ஓடிவரும். வழியில் தூங்கும் பகைவரை எல்லாம் எழுப்பிக்கொண்டு வந்து சேரும். வரப்பைத் தாண்டச் சொன்னால் அடுத்தவன் சோளக்காடு வழியாகச் சுற்றிவரும் ஆடு நம் ஊரில் இல்லையா?

2008 முதல் வந்த புதிய பதிப்புக்களில் விசுவாசம், மகிழ்ச்சி, கற்பிக்கும் புள்ளி எல்லாம் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. இப்போது அங்கே வேடன் முதல் நிலையிலேயே மிருகத்தோடு பிறக்கிறான். மிருகமும் தானே நிலை ஏறிவிடுகிறது. வசதிதான். எனக்கென்னவோ அது மந்திரவாதியின் பூதத்தைப் போலவே தோன்றுகிறது. நேரம் மிகக் குறைந்தவர்கள் புதிய பதிப்பையோ மந்திரவாதியையோ எடுப்பது தவறன்று. நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பத்து நிலைகளைத் தனியே கடக்கும் பொறுமை உள்ளவர்கள் பழைய வேடனை எடுக்கலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. உடன் ஒன்றும் தொழுவத்தில் இரண்டுமாக மூன்று மிருகங்கள்தான் வைத்திருக்க முடியும். தொழுவத்தில் முதல் இடத்துக்கு ஐந்து வெள்ளி, அடுத்ததற்கு ஐம்பது வெள்ளி. வித்தை கற்பதற்காக மட்டும் பிடித்த மிருகத்தைக் கற்றதும் விட்டுவிடலாம். ஆனால் 'கைவிடு' என்னும் கட்டளை வளர்த்த மிருகத்தின் மேலும் அப்படியே பாயும். கைவிட்டதைத் திரும்ப அழைக்க வழியில்லை. தொழுவத்துக்குப் போன பிறகு, எது உடன் நிற்கிறது என்று பெயரைப் படித்துப் பார்த்துவிட்டே அந்தக் கட்டளையைத் தொட வேண்டும். என் பன்றியின் பெயர் செவலை. இப்போது 43-ஆம் நிலை, ஆறாம் படி.