கடல் கடக்கும் வானலையும் அதைப் படிக்கும் சிறு நிரலும்

மன்னார்த் தீவு போலத் தட்டையான நிலமும் இரு மருங்கிலும் ஆழங்குறைந்த கடலும் கொண்ட ஓரிடத்தில், கரைக்கும் படகுக்கும் இடையே வைஃபை இணைப்பொன்றை அமைக்க முனைபவருக்கு, மலையோ காடோ குறுக்கிடாத அவ்வெளியில் வானலைக்குத் தடையேதும் இராது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நீர்ப்பரப்பும் வானலையைத் தெறிக்கச் செய்வதால், நேரே வரும் அலையும் கடலில் பட்டு வரும் அலையும் அன்ரனாவில் ஒன்றுகூடி, சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அவ்வாறு இணைப்பு நலியும்போது, திரையில் தெரியும் சமிக்ஞைக் கோடுகள் நலிவை மட்டுமே அறிவிக்கும். நலிவின் காரணத்தைத் தேடுபவர் அக்கோடுகளுக்குப் பின்னாலுள்ள மூலத்தரவைப் பார்க்கவேண்டும். அதற்கென எழுதப்பட்ட சிறிய கட்டளைவரி நிரல்கள், அதாவது படங்களும் பொத்தான்களும் இன்றித் தட்டச்சிட்ட கட்டளையால் இயங்கும் நிரல்கள், இன்று எவருக்கும் எட்டும் நிலையில் உள்ளன.

அந்நிரல்கள் காட்டுவது ‘வழித்தட நிலைத் தகவல்’ எனப்படும். 2009 இல் நிறைவேறிய 802.11என் தரநிலையின்படி, 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள ஒரு வைஃபை வழித்தடம் 56 துணைக்காவிகளாக, அதாவது சற்றே வேறுபட்ட மீடிறன்களில் அருகருகே செல்லும் மெல்லிய அலைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு தரவுப் பொதியின் தொடக்கத்திலும் அனுப்புநரும் பெறுநரும் முன்னரே அறிந்த ஒரு குறியீடு இடம்பெறுவதால், பெறும் சில்லு தனக்கு வந்துசேர்ந்ததை அக்குறியீட்டோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு துணைக்காவியும் வழியில் எவ்வளவு வலுக்குன்றியது, அதன் அவத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்க நிலை, எவ்வளவு பிந்தியது என்பவற்றைக் கணித்துக்கொள்கிறது. இவ்விரு அளவுகளும் சேர்ந்து ஒரு சிக்கலெண்ணாக எழுதப்படும். பொதியைப் படித்து முடித்ததும் சில்லு இக்கணிப்பைக் கைவிட்டுவிடுகிறது. சாதாரண வைஃபை அட்டைகள் அதை வெளியே தருவதில்லை.

இத்தகவலை வெளிக்கொணர்ந்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஹால்பெரின் முதலியோர் 2011 இல் வெளியிட்ட கருவித் தொகுதியாகும். இன்டெல் 5300 என்ற வைஃபை அட்டைக்கென மாற்றியமைத்த நிலைபொருளும் லினக்ஸ் இயக்கியும் அதில் அடங்கியிருந்தன. அவற்றோடு வந்த ‘லாக் டு ஃபைல்’ என்ற சிறு நிரல், ஒவ்வொரு பொதி வரும்போதும் சில்லின் கணிப்பைப் பெற்று, அதன் எண்களை மாற்றாமல் ஒரு கோப்பில் எழுதியது.

அக்கோப்பின் ஒரு பதிவை நெருங்கிப் பார்த்தால் மூலத்தரவின் இயல்பு விளங்கும். சிக்கலெண்களுக்கு முன் 20 பைற் அளவுள்ள தலைப்பு வருகிறது. மைக்ரோசெக்கனில் எண்ணப்படும் நேரம், அட்டையின் மூன்று அன்ரனாக்களிலும் தனித்தனியே அளந்த வலு, இரைச்சல் அளவு, சில்லு தானாகச் செய்துகொண்ட பெருக்கத்தின் அளவு, அன்ரனாக்களின் வரிசை ஆகியவை அதில் உள்ளன. அடுத்து, 56 துணைக்காவிகளையும் 30 குழுக்களாகச் சுருக்கிய சிக்கலெண்கள் தொடர்கின்றன. ஓர் அன்ரனா அனுப்பி மூன்று பெற்றால் ஒரு பொதிக்கு 90 சிக்கலெண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றின் மெய்ப்பகுதிக்கும் கற்பனைப் பகுதிக்கும் எட்டு எட்டு பிற்றுகள் ஒதுக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவின் தொடக்கத்திலும் மூன்று பிற்றுகள் தாண்டப்படுவதால், முழுவதும் 192 பைற்றில் அடங்கிவிடுகிறது. அந்த மூன்று பிற்றுகளைக் கணக்கில் கொள்ளாத நிரல், முதற் குழுவிலிருந்தே பொருளற்ற எண்களை அச்சிடும். நேரத்தைக் குறிக்கும் 32 பிற்று எண் ஏறத்தாழ 72 நிமிடங்களுக்கு ஒருமுறை நிரம்பி மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குவதையும், சில்லின் பெருக்கத்தை நீக்காமல் இரு பொதிகளின் எண்களை ஒப்பிடலாகாது என்பதையும் பயில்பவர் மனத்திற் கொள்ளவேண்டும்.

இவ்வெண்கள் மன்னார்க் கடலோரத்தில் எதை உணர்த்தும் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். கரையில் 10 மீற்றர் உயரக் கம்பத்திலும் படகில் 3 மீற்றர் உயரத்திலும் அன்ரனாக்கள் இருப்பதாகவும், 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை பயன்படுவதாகவும் கொள்வோம். அதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர். இரு உயரங்களின் பெருக்கத்தை இரட்டித்துத் தூரத்தால் வகுத்தால், நேரலைக்கும் தெறித்த அலைக்கும் உள்ள பாதை வேறுபாடு கிடைக்கும். படகு 480 மீற்றர் தொலைவில் நிற்கையில் அது சரியாக ஓர் அலைநீளம் ஆகிறது. நீரில் மிகச் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும் அலை தலைகீழாகத் திரும்புவதால், இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்கின்றன. படகு 960 மீற்றருக்கு விலகினால் வேறுபாடு அரை அலைநீளமாகக் குறைந்து, இரண்டும் ஒன்றுகூடி வலுப்பெறுகின்றன. கரைக்கு அருகில் நலிந்த இணைப்பு இரு மடங்கு தொலைவில் சீராக அமைவது இதனாலேயே. அதே 480 மீற்றரில் கரைக் கம்பத்தின் 5 மீற்றர் உயரத்தில் இரண்டாவது அன்ரனா ஒன்றைப் பொருத்தினால், உயரம் குறைந்த அந்த அன்ரனாவே வலுவான சமிக்ஞையைப் பெறும்.

கடல் தெறிப்பால் நேரும் இந்நலிவில் பாதை வேறுபாடு சில சென்ரிமீற்றரே ஆகையால், 30 குழுக்களும் ஒருசேரத் தாழ்கின்றன. தொலைவிலுள்ள உயர்ந்த உலோகக் கட்டமைப்பொன்றில் பட்டு வரும் அலையோ வேறு தடயத்தை விட்டுச் செல்கிறது. தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை 2020 டிசம்பரில் இயக்கிவைத்த 103.5 மெகாவாற் தம்பபவனி நிலையத்தின் 30 காற்றாலைகளை எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய கோபுரமொன்றில் தெறித்த அலை நேரலையைவிட 60 மீற்றர் கூடுதலாகப் பயணித்து வந்தால், அது 200 நானோசெக்கன் பிந்தி வருகிறது. அப்போது துணைக்காவிகளின் வரிசையில் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் பள்ளங்கள் தோன்றி, ஒரே பொதிக்குள் சில குழுக்கள் வலுவாகவும் சில குழுக்கள் நலிந்தும் காணப்படும். சமிக்ஞைக் கோடுகளில் இவ்விரு நிலைகளும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முன்னதற்கு அன்ரனாவின் உயரத்தை மாற்றுவதும், பின்னதற்கு ஒரு திசையையே நோக்கும் அன்ரனாவைக் கோபுரத்திலிருந்து விலக்கித் திருப்புவதும் தீர்வுகள் ஆகையால், மூலத்தரவைப் பாராமல் செய்யும் திருத்தம் வீணாகிப்போகக் கூடும்.

காலப்போக்கில் நிகழும் மாற்றமும் அதே கோப்பில் படிந்திருக்கும். சோழகம் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவை நோக்கிய தென்கரையும், வாடை வீசும் மாதங்களில் பாக்கு விரிகுடாவை நோக்கிய வடகரையும் கொந்தளிக்கும்போது, தெறிப்பு சிதறி, நலிவு ஓரிடத்தில் நிலைக்காமல் அலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆனால் அவத்தையைக் குறிக்கும் எண்களை அப்படியே நம்பிவிட முடியாது. அனுப்பும் கருவியின் கடிகாரமும் பெறும் கருவியின் கடிகாரமும் முற்றிலும் ஒத்திராமையால், கடல் அசையாத வேளையிலும் அவத்தை பொதிக்குப் பொதி மாறிக்கொண்டேயிருக்கும்.

காரணத்தை ஊகியாமல் அளந்தறிவதன் மதிப்பைக் காட்டும் சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 2000களின் நடுப்பகுதியில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் அதன் கிராமப்புறப் பார்வை மையங்களையும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வுக்குழு நெடுந்தொலை வைஃபையால் இணைத்தது. மருத்துவர் நகரிலிருந்தபடியே கிராமத்து நோயாளியைக் காணொளியில் பார்க்க முடிந்தது. இவ்வகை இணைப்புகளில் பொதிகள் ஏன் தொலைகின்றன என்பதை அளந்து, அன்மோல் சேத் முதலியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, பலவழித் தெறிப்பைவிட அயல் வைஃபை கருவிகளின் குறுக்கீடே முதன்மைக் காரணம் என்று கண்டது. அந்த சேத்தே 2011 இல் வெளியான கருவித் தொகுதியின் ஆசிரியர்களுள் ஒருவராகவும் இருந்தார். நிலத்தில் கிடைத்த அம்முடிவைக் கடலுக்கு அப்படியே பொருத்தலாகாது; நீர்ப்பரப்பின் மேற்செல்லும் ஒவ்வோர் இணைப்பும் தன் இடத்திலேயே அளக்கப்படவேண்டும்.

இன்டெல் 5300 அட்டை இப்போது பழையதாகிவிட்டது. ஏதரோஸ் சில்லுகளுக்கான கருவி 2015 இலும், அதன்பின் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளிலுள்ள பிராட்காம் சில்லுகளுக்கான நெக்ஸ்மான் கருவியும் வெளிவந்தன. விலை குறைந்த இஎஸ்பி32 சில்லோ வழித்தட நிலைத் தகவலை நேரடியாகவே வெளியிடுகிறது. ஆகவே கடலோரப் பாடசாலை மாணவர்களும் இவ்வளவீட்டைச் செய்ய இயலும். அவர்கள் மறவாமற் செய்யவேண்டியது, அழகிய வரைபடங்களைத் தரும் மென்பொருளை நாடுமுன் மூலக் கோப்பைத் திறந்து பார்ப்பதும், அதனோடு நாள், நேரம், நீர்மட்டம், காற்றின் திசை, அன்ரனாக்களின் உயரம் ஆகியவற்றைக் குறித்து வைப்பதுமாகும். சராசரி எடுத்த எண்ணிலிருந்து மூல எண்களை மீட்க வழியில்லை. மூல எண்கள் கையிலிருந்தால் இன்று விளங்காத நலிவையும் நாளை கூடுதல் அறிவோடு மீண்டும் ஆராயலாம். தம் கரைக்கும் தம் படகுகளுக்கும் இடையிலான தொடர்பைத் தாமே அமைத்துத் தாமே சீர்செய்ய விரும்பும் மக்களுக்கு, பொத்தானும் படமும் இல்லாத இச்சிறு நிரலைக் கற்பது பயன்மிக்க முதற்படியாகும்.