குட்டி மோட்டார் சைக்கிளுக்குத் தனிச் சங்கிலி வேண்டுமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால், மோட்டார் வண்டி என்பது ஒரே பொருள் அன்று, பல்லாயிரம் பொருள்கள் ஒன்றுகூடி ஓடுவது என்பது விளங்கிவிடும். ஒரு லாரியில் கண்ணாடி போகிறது, அடுத்ததில் டயர், அதற்கடுத்ததில் ஆசனங்கள். அவற்றின் பின்னால் ஒரு சிறு வண்டியில் எண்ணெய் மினுங்கும் திருகாணிப் பெட்டிகள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹுண்டாய் கார் புறப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-இல் டைம்லர் லாரி, 2013-இல் ராயல் என்பீல்டு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஏரியும் நெல்வயலுமாக இருந்த இந்தப் பக்கத்தில் இன்று உதிரிப்பாகத்தைப் பற்றிப் பேசத் தெரியாத வீடு அபூர்வம்.

இப்பேர்ப்பட்ட ஊரில் உபாத்தியாயராக இருக்கும் நம்மிடம், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான். "ஸார், குட்டி மோட்டார் சைக்கிளுக்குத் தனியாகச் சங்கிலி வாங்கியது தப்பா?"

விஷயம் தெரியாத நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. உண்மையான விமானம், கார், மோட்டார் சைக்கிள் முதலியவற்றைக் குறித்த விகிதத்தில் சிறிதாக்கி, பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். வாங்குகிறவர் அவற்றை நறுக்கி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசி முழு உருவமாக்க வேண்டும். இவற்றில் பேர்பெற்றது ஜப்பானிலுள்ள டாமியா. 1946-இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கி, பிறகு மரப் பொம்மை மாதிரிகள் செய்து, 1951-இல் தீ விபத்தில் எல்லாவற்றையும் இழந்து, 1960-இல் யமாட்டோ என்னும் போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்கில் இறங்கிய கம்பெனி அது.

பெட்டியில் உள்ளதோடு திருப்தியடையாதவர்களுக்கென்று வேறொரு வியாபாரம் இருக்கிறது. பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த நுண்ணிய பாகங்கள், ரெஸினில் வார்த்த இயந்திரங்கள், அலுமினியத்தில் கடைந்த குழாய்கள் எல்லாம் தனித்தனி உறைகளில் கிடைக்கின்றன. செக் நாட்டில் 1989-இல் தோன்றிய எடுவார்ட் என்னும் நிறுவனம் இத்தகைய பித்தளைத் தகடுகளாலேயே உலகப் புகழ் பெற்றது. டாமியாவே தன் மோட்டார் சைக்கிள்களுக்கு உலோக முன்கவையும் கண்ணி கண்ணியாகக் கோக்கும் சங்கிலியும் தனியே விற்கிறது. பெட்டியையும் விற்று, அதன் குறையையும் விற்கும் சாமர்த்தியத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்! நவராத்திரிக்குக் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் கல்யாண செட்டு வாங்கிவிட்டு, அதற்கு விளக்குத் தூண் ஒன்று, குடை ஒன்று என்று மறுபடியும் கடைக்கு நடக்கும் நம் இல்லங்களில் இந்த நோய் புதிதல்ல.

பையன் வைத்திருந்தது 12-இல் ஒரு பங்கு அளவுள்ள பந்தய மோட்டார் சைக்கிள். அவன் தாயார் கைப்பேசித் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் வேலை செய்கிறவர். பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கியதற்காகப் பெட்டியை வாங்கிக் கொடுத்தது அந்த அம்மாள்தான். பிறகு பொங்கல் காசு, மாமா கொடுத்தது, மறுபடியும் அம்மாவிடம் கெஞ்சியது எல்லாம் சேர்த்து ஆறு உறைகள் வாங்கியிருந்தான். அவற்றின் விலை பெட்டியின் விலையைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு. வெளிநாட்டுச் சரக்கல்லவா? பொம்மைகளின் சுங்கவரி 2020-இல் நூற்றுக்கு 20-லிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆயிற்று. 2021 ஜனவரி முதல் தரச்சான்றும் கட்டாயமாயிற்று. நிஜ மோட்டார் சைக்கிள்கள் எங்கள் ஊரிலிருந்து கப்பலேறி வெளிநாடு போகின்றன. குட்டி மோட்டார் சைக்கிளோ வரி கட்டிக்கொண்டு உள்ளே வருகிறது.

வேடிக்கை அதுவல்ல. பெட்டி வந்து எட்டு மாதமாகியும் வண்டி உருவாகவில்லை. ஒவ்வோர் உறை வந்ததும், "இத்தனை விலை கொடுத்ததைக் கெடுத்துவிடுவோமோ" என்ற பயம் ஒரு பங்கு கூடிற்று. கடைசியில் பையன் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தான். "தப்பா?" என்று அவன் கேட்டது காசைப் பற்றி மட்டுமன்று என்பது நமக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் ஆறு உறைகளையும் மேஜைமேல் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டோம். பிளாஸ்டிக்கில் நினைத்த அளவு மெல்லியதாக வார்க்க இயலாது. கொதிக்கும் பிளாஸ்டிக் அச்சின் மூலை வரையில் ஓடி நிரம்ப இடம் வேண்டும். நிஜ வண்டியின் பிரேக்குத் தட்டு 5 மில்லிமீட்டர் கனம். அதை 12-ஆல் வகுத்தால் 0.4-க்குச் சற்று மேல் வரும். பெட்டியிலிருந்த பிளாஸ்டிக் தட்டை அளந்தால் 1 மில்லிமீட்டர். அதாவது நிஜ வண்டியில் 12 மில்லிமீட்டர் கனமுள்ள தட்டைப் பொருத்தியதற்குச் சமானம்! அதிலுள்ள துளைகளும் வெறும் குழிகளே. பித்தளை உறையிலிருந்த தட்டில் துளைகள் துளைகளாகவே இருந்தன. சக்கரத்தின் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படும் பாகம் இது. ஆகவே இந்த உறைக்குக் கொடுத்த காசு வீண் என்று நாம் சொல்லமாட்டோம்.

சங்கிலிக்கும் அதே நியாயந்தான். பெரிய மோட்டார் சைக்கிள் சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி முக்கால் அங்குலத்துக்கும் குறைவு, சரியாக 15.875 மில்லிமீட்டர், குட்டி வண்டியில் அது 1.3. பெட்டியில் அதைப் பல்சக்கரத்தோடு ஒரே கட்டியாக வார்த்திருந்தார்கள். தனிச் சங்கிலியில் நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளை ஊசிமுனை போன்ற ஆணிகளால் கோக்க வேண்டும். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் முதல் வண்டி கட்டும் பதினாலு வயதுப் பையனுக்கு அது வேலையல்ல, தண்டனை. அதைக் கட்டி எடுத்து வைக்கச் சொன்னோம். மூன்றாவது வண்டி கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மற்ற உறைகளில் இயந்திரத்துக்கான ரெஸின் பாகங்களும், உட்புறம் ஒட்டுவதற்குக் கார்பன் இழைபோல் அச்சடித்த தாளும் இருந்தன. பந்தய வண்டிக்கு மேலே பிளாஸ்டிக் போர்வை உண்டு. அதை மூடியதும் இவற்றில் முக்காலே மூன்று வீசம் மறைந்துவிடும். ரெஸின் விலை அதிகமாயிருப்பதற்குக் காரணம் உண்டு. பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சு லட்சக்கணக்கில் பிரதி தரும். ரெஸினை வார்ப்பதோ ரப்பர் அச்சில். சில பத்துப் பிரதிகளுக்குள் அது கிழிந்து போகும். அத்துடன் ரெஸினையும் பித்தளையையும் பிளாஸ்டிக் பசையால் ஒட்ட முடியாது. அந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பிணைப்பது. உலோகத்தைக் கரைக்க அதற்குச் சக்தி ஏது? வேறு பசை வாங்க வேண்டும். ரெஸினைத் தேய்த்தால் எழும் தூள் நுரையீரலுக்கு ஆகாதாகையால் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். இவையெல்லாம் உறையின்மேல் போட்ட விலையில் சேராத செலவுகள்.

நாம் பேசிக்கொண்டிருக்கையில் பையனுடைய தகப்பனார் உள்ளேயிருந்து வந்தார். ஒரகடத்துச் சிறு பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிறவர். இந்த விளையாட்டைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லையாம். ரெஸின் துண்டு ஒன்றை எடுத்து இயந்திரத்தின்மேல் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. வெர்னியரைக் கொண்டுவந்து அளந்தார்.

"0.2 கூட இருக்குது ஸார். நாங்க டிராயிங்கைப் பார்த்து அடிக்கிறோம். இதைச் செஞ்சவன், இன்னொருத்தன் செஞ்ச சாமானை அளந்து பார்த்து அடிச்சிருக்கான். எப்படிப் பொருந்தும்?"

பத்துப் பக்கம் எழுதினாலும் இதைவிடத் தெளிவாக நம்மால் சொல்ல முடியாது. 0.2 மில்லிமீட்டர் என்றால் நிஜ வண்டியில் 2.4. அத்தனை பிழையுள்ள பாகத்தை இந்தச் சாலையில் எந்தத் தொழிற்சாலை வாசலிலும் இறக்க விடமாட்டார்கள்.

மலிவான வழி இல்லாமலில்லை. பிளாஸ்டிக் பாகங்களைப் பிடித்திருக்கும் சட்டத்துண்டை மெழுகுவர்த்திச் சுடரில் இளக்கி இழுத்தால் தலைமயிர் போன்ற கம்பி வரும். மின்சாரக் கம்பிக்குள்ளிருக்கும் செம்பு இழை கேபிள் ஆகும். பழைய காதுக்கருவியின் மெல்லிய வயர் பிரேக்குக் குழாயாகும். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளில் வார்ப்பட்டை வெட்டலாம்.

இங்கே ஒரு பழைய சங்கதி ஞாபகத்துக்கு வருகிறது. 1955-இல் திருவொற்றியூரில் என்பீல்டு இந்தியா தொடங்கியபோது, புல்லட் வண்டி இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து பாகம் பாகமாகப் பெட்டியில் வந்தது. நம்மவர் பூட்டி மட்டும் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யக் கற்று, 1962-க்குள் முழு வண்டியையும் உள்நாட்டிலேயே செய்தார்கள். இதைச் சொன்னதும் தகப்பனார் சிரித்துவிட்டு, உலோக முன்கவையின் உறையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது வெறும் கடைசல் வேலைதானே? இதுக்கா இவ்வளவு?" என்றார்.

அடுத்த வாரம் பட்டறையில் மிஞ்சிய அலுமினியத் துண்டில், 3.6 மில்லிமீட்டரில் இரண்டு குழாய்கள் கடைந்து கொடுத்திருந்தார். ஒன்று சற்றே தடித்துப் போய், மறுபடியும் கடைய வேண்டியிருந்ததாம். கடையில் வாங்கிய முன்கவை உறை பிரிக்கப்படாமலே வேறொரு பையனுக்குப் பாதி விலைக்குப் போயிற்று. ரெஸின் துண்டுகளில் இரண்டை மட்டும் தகப்பனும் மகனும் உட்கார்ந்து தண்ணீரில் தேய்த்துப் பொருத்தினார்கள்.

வண்டி சென்ற மாதம் முடிந்தது. பிரேக்குத் தட்டு பிரமாதம். இடப்பக்கத்து வர்ணம் ஓரிடத்தில் வழிந்திருக்கிறது. தாயார் ஷிப்டு முடிந்து காலையில் வந்து பார்த்தபோது வலப்பக்கப் போர்வை மட்டும் பூட்டப்படாமல் பக்கத்தில் வைத்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "மூடிவிட்டால் நீ வாங்கிக் கொடுத்தது தெரியாதே அம்மா" என்றானாம். அம்மாள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் குனிந்து உள்ளே பார்த்து, இந்தச் செம்புக் கம்பி எங்கிருந்து எடுத்தது, வீட்டு மின்விசிறியிலிருந்தா என்று கேட்டார்.