வாலையும் படிங்க சார்!

திருவொற்றியூரில் ஏதாவது ஒரு மெக்கானிக்கிடம் போய், "அண்ணே, புல்லட்டுக்கு ஒரு கிளட்ச் பிளேட் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். உடனே எடுத்து நீட்டிவிட மாட்டார். "எந்த வருஷத்து வண்டி? 350-ஆ, 500-ஆ? கியர் எந்தக் கால்ல?" என்று ஒரு குறுக்கு விசாரணையே நடக்கும். 1955-ல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா, புல்லட் தயாரித்த ஊராச்சே! பெயர் ஒன்று, உள்ளே சமாசாரம் வேறு என்பது அங்கே பொடியனுக்கும் தெரியும்.

அதே ஊர் இளைஞர் ஒருவர் ஓவர்டைம் பணத்தைச் சேர்த்துவைத்து, கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணக் கிளம்புகிறார். மெட்ரோ ஏறி, கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்ததும் என்ன கேட்கிறார்? "பி760 போர்டு ஒண்ணு குடுங்க!" அவ்வளவுதான். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

ராயபுரத்தில் "குமாரு!" என்று குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இனிஷியலைச் சொன்னால்தான் ஆள் யார் என்று தெரியும். மதர்போர்டும் அப்படித்தான். என்ன, நமக்கு இனிஷியல் முன்னால், அதற்குப் பின்னால்!

உதாரணத்துக்கு, அசுஸ் கம்பெனியின் 'பிரைம் பி760எம்-ஏ டி4'. பி760 என்பது சிப்செட். அதை ஒட்டி வரும் 'எம்', சைஸைச் சொல்கிறது: மைக்ரோ ஏடிஎக்ஸ், அதிகபட்சம் 24.4 செ.மீ. சதுரம். முழு ஏடிஎக்ஸ் போர்டு 30.5 செ.மீ. நீளம் வரை போகும். சின்ன கேபினெட்டுக்குள் நுழையாது. கடைசியில் இருக்கிற 'டி4'தான் வில்லன். அது இருந்தால் டிடிஆர்4 ரேம். இல்லாவிட்டால், அதே பிரைம் பி760எம்-ஏ, டிடிஆர்5 கேட்கும். இரண்டு ரேமுக்கும் 288 பின்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தினால் உடையுமே தவிர, உட்காராது. 'வைஃபை' என்று ஒரு வால் சேர்ந்தால், அது இன்னொரு மாடல்.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். இன்டெல்லில் 1151 என்று ஒரு சாக்கெட். எச்110 போர்டிலும் அதே 1151, எச்310 போர்டிலும் அதே 1151. ஆனால் முதலாவது ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசசருக்கு. இரண்டாவது எட்டு, ஒன்பதுக்கு. மாற்றிப் போட்டால் ஜம்மென்று உட்காரும். பவர் பட்டனைத் தட்டினால்... ஃபேன் சுற்றலாம், திரையில் ஒன்றும் வராது!

ஏஎம்டி ஆட்களுக்கு வேறு தலைவலி. பி450 போர்டு வந்தது 2018-ல். ரைசன் 5000 வரிசை வந்தது 2020-ல். சாக்கெட் ஒன்றுதான். ஆனால் போர்டில் பழைய பயாஸ் இருந்தால், புதுப் பிராசசரை "யார் நீ?" என்று கேட்கும். பயாஸை அப்டேட் பண்ணித் தரச் சொல்வது நல்லது.

அப்டேட் என்றதும் இன்னொன்று. ஜிகாபைட் போர்டுகளின் ஓரத்தில் 'ரெவ் 1.0' என்பது போலப் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும், ரெவ் மாறினால் உள்ளே பாகங்கள் மாறியிருக்கலாம். பயாஸ் ஃபைலும் வேறாக இருக்கலாம்.

ஆகவே, கிளம்புமுன் ஒரு துண்டுச் சீட்டில் போர்டின் முழுப் பெயரையும் வால் வரைக்கும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பிராசசர், கம்பெனியின் சப்போர்ட் லிஸ்டில் இருக்கிறதா, எந்த பயாஸிலிருந்து என்று பாருங்கள். கடையில் பணம் கொடுக்குமுன் அட்டைப்பெட்டியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். பில்லிலும் முழுப் பெயர் கேளுங்கள். 'மதர்போர்டு - 1' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு, பிற்பாடு யாரிடமும் வாதாட முடியாது.

"ரெண்டும் ஒண்ணுதான் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று கவுன்ட்டரில் யாராவது சொல்கிறார்களா? பொறுமையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"அப்ப கம்பெனிக்காரன் எதுக்கு ரெண்டு பேரு வெச்சான்?"