அன்று பதிவேடு, இன்று வழக்கேடு

1935 பிப்ரவரி வரை லூமுட் பேராக் சுல்தானின் ஆளுகைக்குள் இல்லை. டிண்டிங்ஸ் என்ற பெயரில் நீரிணைக் குடியேற்றங்களோடு அது சேர்ந்திருந்தது. ஈப்போ பக்கம் ஒரு சட்டம், இந்தக் கடலோரத்தில் இன்னொன்று. அதைவிடப் பெரிய பிளவு மதத்தால் வந்தது. கிறிஸ்தவர் திருமணத்துக்குத் தனிச் சட்டம் இருந்தது. ரப்பர் தோட்டத்து இந்துக் குடும்பங்களுக்கு வழக்கமே சட்டம். தாலி கட்டினால் கல்யாணம். ஒருவர் இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டாலும் கேள்வி கேட்க இடமில்லை.

அந்நாளில் கத்தோலிக்கத் திருச்சபை சட்டம் பேசியதைவிடக் கையால் செய்ததே அதிகம். பங்குத்தந்தை ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவேட்டில் எழுதிவைத்தார். தைப்பிங்கிலும் ஈப்போவிலும் கான்வென்ட் கன்னியர்கள் பள்ளி நடத்தினார்கள். ஆதரவற்ற பிள்ளைகளையும் வளர்த்தார்கள். பிள்ளையைக் காப்பது அறச்செயலாக இருந்தது, உரிமையாகக் கேட்கப்படவில்லை.

1982 மார்ச் 1 அன்று நிலைமை மாறியது. 1976 ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அன்றுதான் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்க்கு ஒருதார மணம், கட்டாயப் பதிவு. பாதிரியாரையே துணைப் பதிவாளராக நியமிக்கவும் அது வழிவிட்டது. ஆனாலும் கோயில் கல்யாணத்தோடு நின்றுவிட்ட தோட்டத்து ஜோடிகளும் உண்டு. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழியே குடியுரிமை. தாய்க்கே அடையாள அட்டை (ஐசி) இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை.

மறுவருடம், 1983 இல், பௌத்தம், கிறிஸ்தவம், இந்து, சீக்கியம் ஆகிய சமயங்களின் ஆலோசனை மன்றம் உருவானது. தாவோயிசம் பின்னர் சேர்ந்தது. கத்தோலிக்க ஆயர்கள், தாங்கள் அங்கம் வகிக்கும் மலேசியக் கிறிஸ்தவக் கூட்டமைப்பு வழியாக அந்த மேடையில் நின்றார்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளை மதம் மாற்றலாமா என்பது பின்னாளில் அவர்களின் முக்கியக் கேள்வியானது.

அந்தக் கேள்வியை நாட்டின் முன் நிறுத்திய வழக்கு பேராக்கிலிருந்தே புறப்பட்டது. ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளை 2009 இல் கணவர் தனியாக இஸ்லாத்துக்கு மதம் மாற்றினார், கைக்குழந்தையையும் கொண்டுபோனார். ஈப்போ உயர்நீதிமன்றம் 2013 இல் அந்த மதமாற்றத்தை ரத்து செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 இல் அதைக் கவிழ்த்தது. கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29 அன்று இருவர் சம்மதமும் வேண்டும் என்று முடித்துவைத்தது. இதற்கிடையே, 1976 சட்டத்தின் 2017 திருத்தத்தில் அதையே சட்டமாக்கவிருந்த 88ஏ பிரிவு நாடாளுமன்றத்தில் கைவிடப்பட்டது. இஸ்லாமிய நிர்வாகச் சட்டங்கள் மாநிலங்களின் கையில் இருப்பதால், தீர்ப்போடு போராட்டம் முடியவில்லை. பேராக் உட்பட எட்டுப் பகுதிகளின் சட்டங்களை எதிர்த்து 2023 இல் இந்திராவும் வேறு சிலரும் மறுபடி நீதிமன்றம் போனார்கள்.

திருச்சபைக்கும் இதில் ஒரு வீட்டுக்கணக்கு இருக்கிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோரில் ஒருவர் சம்மதித்தாலே போதும் என்கிறது அதன் திருச்சட்டத் தொகுப்பின் 868 ஆம் விதி. நாட்டுச் சட்டத்தில் இரண்டு கையெழுத்துக் கேட்பவர்கள், கலப்பு மணக் குடும்பங்களில் தங்கள் பதிவேட்டிலும் இரண்டையும் கேட்கத் தொடங்கலாம். அதற்கு எந்த நாடாளுமன்றத்தின் வாக்கும் தேவையில்லை.